ஏன்னு எழுது!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தால் இரண்டு அர்த்தம்தான். ஒன்று, ஊரில் யாரோ பெரியவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அல்லது என் மருமான் ஏதாவது பண்ணியிருக்க வேண்டும். அன்றைக்கு மருமான்.

"அரையாண்டுல கணக்குல இருபத்தேழுடா! நூத்துக்கு இருபத்தேழு!"

"பரவால்லக்கா, பாஸுக்கு இன்னும் எட்டு மார்க்தானே..."

"டக்குனு கழிச்சுச் சொல்ற பாரு, அதான் உன்னைக் கூப்பிட்டேன். இன்னும் மூணு மாசத்துல பத்தாவது பரீட்சை. நீதான் அவனுக்குக் கணக்கு சொல்லித் தரணும். அக்கவுண்ட்ஸ் செக்ஷன்லதானே இருக்கே?"

அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் இருப்பவனுக்குக் கணக்கு தெரியும் என்பது, ரயில்வேயில் இருப்பவனுக்கு இன்ஜின் ஓட்டத் தெரியும் என்பது மாதிரி ஒரு நம்பிக்கை. எங்கள் செக்ஷனில் கூட்டலைக் கம்ப்யூட்டர் செய்கிறது. கழித்தலை வருமான வரி செய்கிறது. எங்களுக்கு மிச்சமிருப்பது டிக் அடிப்பதும் இனிஷியல் போடுவதும்தான். இதை அக்காவிடம் சொன்னால் அத்தான் காதுக்குப் போகும். அத்தானிடம் எனக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச மரியாதையும் போகும். "சரிக்கா" என்றேன்.

என் கணித ஞானத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நான் பத்தாவது படித்தபோது தேற்றங்களை மனப்பாடம் செய்தவன். பிதாகரஸ் தேற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். பரீட்சையில் முக்கோணத்துக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்காமல் பி, க்யூ, ஆர் என்று வைத்துவிட்டார்கள். நான் அஞ்சாமல் ஏ, பி, சி என்றே எழுதிவிட்டு வந்தேன். முக்கோணம் அவர்களுடையது, நிரூபணம் என்னுடையது.

எட்டாவதில் ஒரே ஒரு தடவை மட்டும் தைரியம் வந்து, "மைனஸ் இன்ட்டூ மைனஸ் ஏன் சார் ப்ளஸ்?" என்று கேட்டேன். வாத்தியார் என்னை அருகில் அழைத்தார். காதைப் பிடித்தார். "அது அப்படித்தான்டா" என்றார். அன்றிலிருந்து கணக்கில் எதையும் 'ஏன்' என்று கேட்டதில்லை. அதற்கு நான் கொடுத்த விலை எவ்வளவு என்பது, இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் ரூபாய் பைசாவாக வருகிறது.

* * *

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை. முதல் நாள் பாடம். மருமானிடம் ஓர் இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்தேன். விறுவிறுவென்று எட்டு ஸ்டெப் எழுதி, அடியில் கோடு போட்டு விடையைக் கட்டம் கட்டிவிட்டான். எனக்கே ஆச்சரியம். "நல்லாத்தானேடா போடற?" என்று எண்ணை மட்டும் மாற்றி இன்னொன்று கொடுத்தேன். பேனா நின்றுவிட்டது.

"இது புக்ல இல்லையே மாமா."

அப்போதுதான் புரிந்தது. பையன் கணக்குப் போடவில்லை. கணக்கைப் படம் பிடித்து வைத்திருக்கிறான். எடுத்துக்காட்டுக் கணக்குகள் அத்தனையும் அவன் மண்டைக்குள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. பரீட்சையில் ஓர் எண் மாறினால் ஆல்பம் முழுக்க வீண். பிதாகரஸை ஏ, பி, சி என்று எழுதிய பரம்பரை அல்லவா!

"சரி, புரியாததைக் கேளு" என்றேன், பெரிய மனதோடு.

கேட்டான். "மைனஸ் இன்ட்டூ மைனஸ் ஏன் மாமா ப்ளஸ்?"

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய காது சுளீரென்றது. "அது அப்படித்தான்டா" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, பாக்கெட்டில் போன் இருந்தது. "ஆபீஸ்லேர்ந்து அவசர போன்" என்று வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டேன்.

* * *

எங்கள் ஆபீஸில் ஒரு சூப்பரின்டென்டென்ட். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது. காலேஜ் நாட்களில் நாலு சிநேகிதர்களோடு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர். ஒரே ஒரு பிரதி. அதைப் பழைய காலண்டர் அட்டையில் பைண்டு பண்ணிச் சுற்றுக்கு விடுவார்களாம். கடைசிப் பக்கங்களைக் காலியாக விட்டு, படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத வேண்டும் என்று கட்டாயம். "கதையை விட அந்தத் திட்டுதான் சார் சுவாரஸ்யம்" என்பார்.

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே என் பிரச்னையைச் சொன்னேன். தயிர் சாதத்தைப் பிசைந்தபடி அவர் சொன்னார்:

"பையனை எழுதச் சொல்லுங்க. கணக்கை இல்ல, கணக்கைப் பத்தி. ஏன் இந்த ஸ்டெப்பு, அப்புறம் ஏன் அந்த ஸ்டெப்புன்னு பேச்சுத் தமிழ்ல எழுதட்டும். எழுத வரலைன்னா புரியலைன்னு அர்த்தம். எழுதினதை நாலு பேர் படிக்கணும். தனியா எழுதினா ஏமாத்தலாம். நாலு பேர் படிக்கறாங்கன்னா ஒழுங்கா எழுதுவான்."

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். சட்டதிட்டங்களை முதல் பக்கத்தில் எழுதினேன். இடது பக்கம் கணக்கு. வலது பக்கம் அதன் 'ஏன்'. புத்தக வாசகம் கூடாது, பாட்டிக்குச் சொல்வது போல் சொல்ல வேண்டும். படிப்பவன் கீழே ஒரு கேள்வியோ திருத்தமோ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'சூப்பர்' என்று மட்டும் எழுதினால் செல்லாது. தப்பு வந்தால் அழிக்கக்கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும் (இந்தக் கடைசி விதி எங்கள் ஆபீஸ் லெட்ஜரிலிருந்து சுட்டது).

நோட்டு நாலு பையன்களிடம் சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு. மருமான், அவனோடு டியூஷன் போன இரண்டு பேர், நாலாவது ஆளாகக் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன். அந்த நாலாவது ஆள் வகுப்பில் வாயே திறக்க மாட்டானாம். "ஏன்டா அவனைச் சேர்த்தே?" என்றால், "அவன் கையெழுத்து நல்லா இருக்கும் மாமா" என்றான் மருமான். பத்திரிகை நடத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

* * *

முதல் கட்டுரை நான்தான் எழுத வேண்டும் என்று தீர்மானமாயிற்று. தலைப்பு, மைனஸ் இன்ட்டூ மைனஸ். இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். வீட்டில், "ஆபீஸ்ல மெமோ ஏதாவது குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். கடைசியில் இப்படி எழுதினேன்:

'மூன்று இன்ட்டூ மைனஸ் இரண்டு, மைனஸ் ஆறு. இரண்டு இன்ட்டூ மைனஸ் இரண்டு, மைனஸ் நாலு. ஒன்று இன்ட்டூ மைனஸ் இரண்டு, மைனஸ் இரண்டு. பூஜ்யம் இன்ட்டூ மைனஸ் இரண்டு, பூஜ்யம். இடது பக்க எண் ஒவ்வொரு படி இறங்கும்போதும் விடை இரண்டிரண்டாக ஏறுகிறது. அடுத்த படி மைனஸ் ஒன்று. விடை மட்டும் ஏன் ஏறுவதை நிறுத்த வேண்டும்? ப்ளஸ் இரண்டு என்றுதான் வந்தாக வேண்டும்.

இன்னொரு வழி. மாமா பைக் லோனுக்கு மாதாமாதம் 3,611 ரூபாய் கட்டுகிறேன். அதாவது மாதம் மைனஸ் 3,611. இரண்டு மாதம் பின்னோக்கிப் போனால், அது மைனஸ் இரண்டு மாதம். அப்போது என் கையில் இப்போது இருப்பதைவிட 7,222 ரூபாய் கூடுதலாக இருந்தது. மைனஸ் இன்ட்டூ மைனஸ் ப்ளஸ்.'

எழுதி முடித்ததும் எனக்குக் கண் லேசாகக் கலங்கியது. எட்டாங்கிளாஸ் பையன் ஒருவனுக்கு இருபத்தைந்து வருஷம் கழித்துப் பதில் கிடைத்திருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, 628-லேயே பிரம்மகுப்தர் இதைக் கடன், செல்வம் என்ற வார்த்தைகளை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம். என் வாத்தியாருக்கு ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்திருக்கிறது.

* * *

நோட்டு சுற்ற ஆரம்பித்தது. எல்லாம் உடனே ஒளிமயமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒருவன் கைடில் இருந்ததை அப்படியே காப்பியடித்திருந்தான். அடுத்தவன் அவனுக்குக் கீழே, 'இதில் பாட்டி எங்கே?' என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தான். இன்னொருவன் தொடுகோட்டுத் தேற்றத்துக்குப் பதில் ஒரு நடிகரின் படத்தை வரைந்திருந்தான் (வட்டம் மட்டும் நன்றாக வந்திருந்தது).

மருமானுக்கு வேறு ஆட்சேபம். "ராமானுஜனே ஸ்டெப் எழுதலையாமே மாமா! விடை மட்டும்தான் எழுதுவாராம். அவர் மேதைங்கறீங்க, எனக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?"

நல்ல கேள்வி. எங்கள் பூர்வீகம் கும்பகோணம் பக்கம் என்பதால் ராமானுஜன் விஷயத்தில் எனக்கு உரிமை உண்டு. அதைவிட முக்கியம், அவர் நம்ம இனம். 1912 மார்ச் 1-ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். சம்பளம் மாதம் முப்பது ரூபாய். காகிதம் விலை அதிகம் என்று ஸ்லேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவர் எழுதாமல் விட்ட ஸ்டெப்களை எழுதும் வேலையில் புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். 1985-லிருந்து 1998 வரை ஐந்து பெரிய புத்தகங்கள் வெளிவந்தன.

"உன் விடைத்தாளுக்கு அப்படி ஒரு அமெரிக்காக்காரர் கிடைப்பாரா? அதுவரைக்கும் நீயே எழுது" என்றேன். ஒப்புக்கொண்டான்.

அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். ராமானுஜன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டவர் அல்ல. 1907-ல் ராமசாமி ஐயர் என்ற டெபுடி கலெக்டர் முயற்சியில் உருவான இந்தியக் கணிதச் சங்கம் ஒரு பத்திரிகை நடத்தியது. அதில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி போடும் பகுதி உண்டு. 1911-ல் ராமானுஜன் அதில் ஒரு கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் ஒன்று ப்ளஸ் இரண்டு இன்ட்டூ இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் ஒன்று ப்ளஸ் மூன்று இன்ட்டூ இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் ஒன்று ப்ளஸ் நாலு இன்ட்டூ... இப்படியே முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை, மூன்று!

அந்த வாரம் நாலு பேரும் அந்த 'மூன்று' மேல் பாய்ந்தார்கள். ஐந்தாம் நாள் நோட்டில் இப்படி இருந்தது: 'மூணுன்னா ஒன்பதோட வர்க்கமூலம். ஒன்பதுன்னா ஒண்ணு கூட்டல் எட்டு. எட்டுன்னா ரெண்டு நாலு. அந்த நாலுன்னா பதினாறோட வர்க்கமூலம். பதினாறுன்னா ஒண்ணு கூட்டல் பதினஞ்சு. பதினஞ்சுன்னா மூணு அஞ்சு. அந்த அஞ்சை இதே மாதிரி பிரிக்கலாம். வெங்காயம் உரிக்கிற மாதிரி போய்ட்டே இருக்கு.'

ராமானுஜன் அந்தப் பத்திரிகையில் விடைக்காகக் காத்திருந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். குரோம்பேட்டையில் நாலு வாசகர்கள் இருந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. இது நிரூபணம் ஆகாது, உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மூன்றில்தான் நிற்கும் என்று தனியாகக் காட்ட வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் வழி கண்டுபிடித்தாயிற்று.

எழுதியது யார் என்று பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. கடைசி பெஞ்ச்.

* * *

இந்தக் கடைசி பெஞ்ச் பையனின் அப்பா டைல்ஸ் ஒட்டும் கொத்தனார். லீவு நாட்களில் பையனும் கூடப் போவான். ஒன்பதாவது முடிவில் பள்ளிக்கூடத்தில் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனால ஸ்கூல் ரிசல்ட் கெடும், டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்களேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு ஒரு வருஷம் அவகாசம் வாங்கியிருக்கிறார். பத்தாவதில் போனால் சாந்துச் சட்டிதான் என்பது வீட்டில் பேசி முடித்தாயிற்று. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவன் அடுத்து எழுதியதை அப்படியே தருகிறேன்:

'ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர். எல்லாரும் ஏ ஸ்கொயர் ப்ளஸ் பி ஸ்கொயர்னு எழுதி அடி வாங்குவோம். பத்துக்குப் பத்து ரூம். ஒரு அடி டைல்ஸ் நூறு வேணும். வீட்டுக்காரர் ரூமை ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி இழுக்கச் சொல்றார். இப்ப பன்னண்டுக்குப் பன்னண்டு. புதுசா எத்தனை டைல்ஸ்? ஒரு பக்கப் பட்டைக்கு இருபது. இன்னொரு பக்கப் பட்டைக்கு இருபது. அதான் டூ ஏபி. அப்புறம் மூலை. மூலைக்கு ரெண்டு ரெண்டு நாலு. அதான் பி ஸ்கொயர். மொத்தம் நூத்தி நாப்பத்தி நாலு. மூலையை மறந்துட்டுப் போனா எங்கப்பா வெயில்ல திரும்பக் கடைக்கு அனுப்புவார். அதனால எனக்கு மறக்காது.'

அதோடு விடவில்லை. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் சிக்ஸ் எக்ஸ் ஈக்வல் டு பதினாறு என்ற கணக்கை எடுத்துக்கொண்டு, 'சிக்ஸ் எக்ஸை ரெண்டு பட்டையாப் பிரிச்சா ஒண்ணு த்ரீ எக்ஸ். மூலை மட்டும் காலியா இருக்கு. மூலைக்கு மூணு மூணு ஒன்பது டைல்ஸ். அந்தப் பக்கமும் ஒன்பது போட்டா இருபத்தஞ்சு. ரூம் அஞ்சுக்கு அஞ்சு. அஞ்சுல மூணு போனா எக்ஸ் ரெண்டு' என்று முடித்திருந்தான். 'வர்க்கப் பூர்த்தி' என்று புத்தகத்தில் பயமுறுத்துகிற சமாசாரம் இவ்வளவுதான். மூலையில் டைல்ஸ் போடுவது!

கீழே மருமானின் திருத்தம்: 'மைனஸ் எட்டும் விடை. அதை எழுதலைன்னா மார்க் போயிடும்.'

அதற்குக் கீழே பதில்: 'மைனஸ் எட்டு அடிக்கு ரூம் கட்ட முடியாது. ஆனா மார்க்குக்காக எழுதறேன்.'

நான் அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டே இதைப் படித்தேன். சுமார் 820 வாக்கில் பாக்தாத்தில் அல்குவாரிஸ்மி என்ற அறிஞர் இருபடிச் சமன்பாட்டுக்கு இதே மாதிரி சதுரமும் பட்டையும் வரைந்து, காலி மூலையை நிரப்பித்தான் விடை கண்டார். அவரும் மைனஸ் விடைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் ஒரு கொத்தனார் பையன் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான். அவனால்தான் ரிசல்ட் கெடுமாம்.

சானடோரியத்தில் இறங்க வேண்டிய ஒருத்தர், "என்ன சார், லெட்டரா? இவ்வளவு நேரம் படிக்கறீங்க" என்றார். "ஆமாம் சார், லெட்டர்தான்" என்றேன்.

* * *

இப்போது அந்த ரூபாய் பைசா விஷயம். என் முதல் கட்டுரையில் பைக் லோனை உதாரணம் காட்டியிருந்தேன் அல்லவா? அதன் கீழே மருமான் சும்மா இராமல், 'எவ்வளவு லோன்? எத்தனை பர்சன்ட்?' என்று எழுதியிருந்தான். நான் பெருமையாக, 'ஒரு லட்சம், மூன்று வருஷம், வெறும் 10 சதவீதம். வட்டி 30,000. மொத்தம் 1,30,000. அதை 36-ஆல் வகுத்தால் 3,611' என்று பதில் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது:

'மாமா, மாசம் கட்டற 3,611-ல அசல் 2,778, வட்டி 833. இதுவரைக்கும் 20 மாசம் கட்டிட்டீங்க. அப்ப 55 ஆயிரத்துக்கு மேல அசலைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. மீதி 44 ஆயிரத்து சொச்சம்தான். அதுக்கும் ஏன் ஒரு லட்சத்துக்கு உண்டான வட்டியே கட்டறீங்க?'

நான் நாலு தடவை படித்தேன். முதலில் கோபம் வந்தது. 'லோன் விஷயத்தில் அப்படித்தான்' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். 'அது அப்படித்தான்டா' என்ற குரல் பின்னாலிருந்து கேட்டது. பேனாவை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தேன். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால், நான் கட்டிக்கொண்டிருப்பது 10 சதவீதம் இல்லை. 17.92 சதவீதம்! ஷோரூமில் டை கட்டியிருந்த பையன் 'ஃப்ளாட் ரேட் சார்' என்று சொன்னது ஞாபகம் வந்தது. தரையில் 'ஃப்ளாட்'டாக விழப்போவது நான்தான் என்று அவன் சொல்லவில்லை. சொன்னாலும் நான் 'ஏன்' என்று கேட்டிருக்க மாட்டேன். கேட்டால் காதைப் பிடிப்பார்கள் என்பது என் அனுபவம்.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான். ஆனால் நோட்டில் விதி இருக்கிறதே! 'வெறும் 10 சதவீதம்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். 'நான் சொன்னது தப்பு. சுமார் 18 சதவீதம்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். பதினைந்து வருஷமாக எத்தனையோ ஃபைலில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதுவும் இவ்வளவு கனக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமான் என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். இல்லை. "மாமா, நீங்களே தப்புன்னு எழுதிட்டீங்களே!" என்றான் ஆச்சரியமாக. அன்றிலிருந்து அவன் தப்பாகப் போட்ட கணக்கை ஒளித்து வைப்பதை நிறுத்திவிட்டான். மூன்று மாதத்தில் நான் அவனுக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு கோடுதான் என்று நினைக்கிறேன்.

* * *

பிப்ரவரியில் ஒரு கலாட்டா. அத்தான் நோட்டைப் பார்த்துவிட்டார். "என்னடா இது, கணக்குப் பரீட்சைக்குக் கதை எழுதிட்டிருக்கான்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பரீட்சையில் பாட்டிக்குச் சொன்னால் மார்க் கிடையாது. மூன்று மணி நேரத்தில் முடிக்கக் கைப்பழக்கம் வேண்டும். சமரசம் பேசினேன். தினம் ஒரு மணி நேரம் கைடு கணக்கு. வடிவியலும் வரைபடமும் எட்டும் எட்டும் பதினாறு மார்க், அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை பயிற்சி. அதற்குப் பிறகு அரை மணி நேரம் நோட்டு. எழுதினால் மட்டும் கணக்கு வந்துவிடாது, போட்டால்தான் வரும். ஆனால் எழுதியவனுக்கு எண் மாறினால் பேனா நிற்பதில்லை.

நோட்டு ஒருநாள் வகுப்பில் கணக்கு டீச்சர் கையில் சிக்கியது. நாலு பேரும் நடுங்கிப் போனார்கள். டீச்சர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, மறுநாள் டைல்ஸ் பையனைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். "மூலையை நீயே சொல்லிக்குடுடா" என்றார். பத்து மாதத்தில் முதல் தடவையாக வகுப்பு அவன் குரலைக் கேட்டது.

பையனுக்குப் பையன் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை மணலில் எழுதிக்காட்டிச் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-ல் எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பிள்ளைகளையே வாத்தியார்களாக்கி நடத்திப் பார்த்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். சரக்கு நம்முடையது. நாம்தான் விலாசத்தைத் தொலைத்துவிட்டோம்.

* * *

ரிசல்ட் வந்தது. நூற்றுக்கு நூறு என்று எதிர்பார்ப்பவர்கள் சினிமாவுக்குப் போகலாம். மருமான் 68. அத்தான் "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு. டைல்ஸ் பையன் 59. அவன் அப்பா ஒரு கிலோ லட்டுவோடு அக்கா வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், "எனக்குக் கணக்கு தெரியாதுங்க. நான் பண்றதுதான் கணக்குன்னு இவன் சொல்றான்" என்றாராம். ஐ.டி.ஐ.யா, ப்ளஸ் ஒன்னா என்று வீட்டில் இப்போது பேச்சு. சாந்துச் சட்டி லீவு நாட்களில் மட்டும்.

நோட்டை டீச்சர் அடுத்த பத்தாவது வகுப்புக்கு வாங்கிக்கொண்டுவிட்டார். தினம் ஒரு பையனோ பெண்ணோ அன்றைய பாடத்தை அதில் எழுத வேண்டுமாம். நாற்பது பேர் படித்துத் திருத்த வேண்டுமாம். எண்பது பக்கம் போதாமல் இரண்டாவது நோட்டும் தைத்திருக்கிறார்கள்.

போன வாரம் மருமான் அந்தப் பழைய நோட்டை ஒருநாள் கடன் வாங்கிக்கொண்டு வந்தான். "மாமா, உங்க கட்டுரைக்குக் கீழ ஒருத்தி கேள்வி கேட்டிருக்கா" என்றான். பார்த்தேன். எனக்குத் தெரியாத கையெழுத்து. பச்சை மசி.

'மைனஸ் புரிந்தது. பூஜ்யத்தால் வகுத்தால் ஏன் விடை கிடையாது என்கிறார்கள்?'

பிரம்மகுப்தரே சறுக்கிய இடம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதிவிட்டார் மனுஷன். பாக்கெட்டில் போன் இருந்தது. கை அந்தப் பக்கம் போயிற்று.

மருமான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போனை எடுத்து டி.வி. மேல் வைத்துவிட்டு, "ஒரு பேனா குடுடா" என்றேன்.